என் போட்டோவுக்கு நானே போட்ட லைக்

அந்த போட்டோவில் எனக்கு ஒரு கண் பாதி மூடியிருக்கும். ஒரு ஜோடி ஷூவை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருப்பேன். போலீஸ் ஸ்டேஷனில் பிடிபட்டவர்களைச் சிலேட்டோடு நிற்கவைத்து எடுப்பார்களே, அதே மாதிரி. படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் "இன்றைய ஹீரோ" என்று எழுதி, பக்கத்தில் ஒரு கிரீடப் பொம்மையும் போட்டிருந்தது.

"நெஞ்சுக்கு நேரா புடிம்மா. இன்னும் கொஞ்சம் மேல. முகம் தெரியணும்" என்று நிறுத்தி நிதானமாக அதை எடுத்தவர் எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர்.

ஆம்பூருக்குப் பக்கத்தில், ஹைவேயை ஒட்டிய ஷூ கம்பெனி எங்களுடையது. ஆலங்காயத்திலிருந்து கம்பெனி வேனில் போய்வருகிறேன். பதினாறு வருஷமாகத் தையல் மெஷின்தான் என் வேலை. அதில் கடைசி ஏழு வருஷம் சாம்பிள் லைன். புது மாடல் வந்தால் வெளிநாட்டுக்காரன் பார்ப்பதற்கென்று முதல் ஜோடியைத் தைக்கிற இடம் அது. இருநூறு பேரில் ஆறு பேரைத்தான் அங்கே உட்காரவைப்பார்கள். கை சுத்தமாக இருக்கிறவர்களுக்குத்தான் அந்த நாற்காலி. என்னிடம் நகை நட்டு கிடையாது, பெரிய படிப்பு கிடையாது. அந்த நாற்காலி ஒன்றுதான் இருந்தது. வேனில் எனக்கு ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுப்பதுகூட அதற்காகத்தான் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த மேனேஜர் எங்களிடம் வருவதற்கு முன்னால் சோப்பு கம்பெனியில் இருந்தவர். சோப்பு என்றால் ஓர் அச்சில் ஊற்றினால் எல்லாம் ஒரே மாதிரி வரும். தோல் அப்படி இல்லை. ஒவ்வொரு மாடும் ஒவ்வொரு மாதிரி வாழ்ந்திருக்கும், தோலும் அப்படியே இருக்கும். இதை அவருக்குச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. அவரும் கேட்கவில்லை. வந்த முதல் வாரமே கம்பெனிக்கென்று போனில் ஒரு குரூப் ஆரம்பித்தார். தையல், கட்டிங், பேக்கிங், செக்யூரிட்டி, கேன்டீன், வேன் டிரைவர்கள் எல்லாரையும் அதில் சேர்த்தார். "நாம எல்லாம் ஒரு ஃபேமிலி" என்றார். குடும்பத்தில் இருக்கிற எல்லாக் கேவலங்களும் சீக்கிரமே அந்த குரூப்புக்கும் வந்துசேர்ந்தன.

அன்றைக்கு வந்ததிலேயே மோசமான ஜோடியைத் தினமும் நாலு மணிக்குத் தேடி எடுப்பார். அதைத் தைத்தவர் கையிலேயே கொடுத்து போட்டோ எடுத்து குரூப்பில் போடுவார். அதுதான் இன்றைய ஹீரோ. இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். அவர் எதைப் போட்டாலும் எல்லாரும் கட்டைவிரல் போட வேண்டும். வேலை நேரத்தில் போன் லாக்கரில்தான் இருக்க வேண்டும், ஆனால் ராத்திரி சாப்பாட்டுக்குள் கட்டைவிரல் விழுந்திருக்க வேண்டும். போடாதவர்களை மறுநாள் காலையில் வரிசையில் நிறுத்தி, "பாத்துட்டுப் பதில் போடலன்னா இன்னா அர்த்தம்?" என்று கேட்பார். அதற்குப் பயந்து, அவர் கொசுவர்த்தி விளம்பரத்தைத் தெரியாமல் அனுப்பியபோதுகூட நூற்றுத் தொண்ணூறு கட்டைவிரல் விழுந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை நான் ஹீரோ ஆனேன்.

அந்த ஜோடியின் குறை இது. ஷூவின் முன்பக்கத்தில், விரல்களை மூடுகிற பாகத்தை வேம்ப் என்போம். தைத்து முடித்து, கால் வடிவக் கட்டையில் ஏற்றி இழுத்ததும் வேம்ப் சுருங்கிப்போயிருந்தது. நான் தைத்தபோது பளபளவென்றுதான் இருந்தது. "தையல் இழுத்துப் புடிச்சிருக்கு" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். நான் தையலைக் காட்டினேன். ஒரு அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணியும் காட்டினேன். அவர் அதற்குள் போனைத் தூக்கிவிட்டார்.

வேனில் எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். எனக்கும் கட்டைவிரல் போட வேண்டிய கணக்கு இருந்தது. போடாவிட்டால் காலையில் வரிசையில் நிற்க வேண்டும். இன்னொரு தடவை எல்லார் முன்னாலும் நிற்க எனக்குத் தெம்பு இல்லை. வாணியம்பாடி தாண்டும்போது என் போட்டோவுக்கு நானே கட்டைவிரல் போட்டேன். நூற்று அறுபதாவதோ என்னவோ. அந்த விரலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வீட்டுக்குப் போவதற்குள் வீட்டுக்குச் செய்தி போய்விட்டது. என் வீட்டுக்காரருடைய சித்தப்பா மகன் எங்கள் பேக்கிங்கில் இருக்கிறான். அவன் சொந்தக்காரர்கள் குரூப்புக்கு அனுப்பியிருக்கிறான். என் வீட்டுக்காரர், "இன்னா இப்போ, ஒரு ஷூதானே, விட்டுத் தள்ளு" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அன்றைக்கு அவருக்குச் சோறு போடாமல் படுத்தேன். மறுநாள் காலையில் வேனுக்காக நிற்கும்போது, ரேஷன் கடை வாசலில் ஒரு பொம்பளை, "உன்னைப் போன்ல பாத்தேன்மா, ஏதோ அவார்டு குடுத்துக்கீறாங்களாமே" என்றாள். கிரீடத்தைப் பார்த்து நம்பிவிட்டாளா, நக்கல் பண்ணினாளா, எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டில் எதுவாக இருந்தாலும் அவளை எனக்குப் பிடிக்காது.

அன்றைக்குச் சனிக்கிழமை. வேனிலிருந்து இறங்கி நேராக மேனேஜர் அறைக்குப் போனேன்.

"சார், அந்த போட்டோவ எடுத்துடுங்க சார். ஊரெல்லாம் சுத்துது. இதுவரைக்கும் என் ஜோடி ஒண்ணுகூட திரும்பி வந்ததில்ல."

அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "திங்கக்கிழமை பாக்கலாம்மா" என்றார்.

நான் நன்றி வேறு சொல்லிவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க, நாளைக்கு எடுத்துவிடுவார், நாளைக்கு எடுத்துவிடுவார் என்று என்னையே தேற்றிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை போய் நின்றபோது சிரித்தார். "ரெண்டரை நாள் தாண்டிட்டா எல்லார் போன்லயும் இருந்து டெலிட் பண்ண முடியாதும்மா. டைம் போயிடுச்சி. இனிமே நான் நெனச்சாலும் ஆவாது" என்றார். வெள்ளிக்கிழமை நாலு மணியிலிருந்து எண்ணிப் பார்த்தேன். சனிக்கிழமை நான் கேட்டபோது நேரம் தாராளமாக இருந்தது. திங்கட்கிழமை விடியற்காலை நாலு மணிக்குத்தான் முடிந்திருக்கிறது. அது அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் திங்கட்கிழமை என்று சொல்லியிருக்கிறார். போட்டோ எடுத்ததைக்கூட என்றாவது மன்னித்திருப்பேன். அந்தச் சிரிப்பை மன்னிக்க முடியாது.

அன்று மதியமே என்னைச் சாம்பிள் லைனிலிருந்து எழுப்பி, நூல் வெட்டுகிற மேசைக்கு அனுப்பினார்கள். தைத்து வந்த ஷூவில் நீட்டிக்கொண்டிருக்கிற நூல் பிசிறைக் கத்தரிக்கிற வேலை. புதிதாகச் சேர்ந்தவர்கள் உட்காருகிற இடம். பக்கத்து மெஷின் அக்கா என் நாற்காலியில் போட்டிருந்த குஷனைக் கொண்டுவந்து கொடுத்து, "இத எடுத்துக்கோடி, அங்க வேற யாரோ வந்து குந்துவா" என்றாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

ஒரு வாரம் கழித்து, டீ நேரத்தில் கட்டிங்கில் வேலை செய்கிற பாய் என் பக்கமாக வந்து நின்றார். தோலை மேசையில் விரித்து, டை வைத்து மெஷினில் அழுத்தி வெட்டுகிறவர். முப்பது வருஷ அனுபவம். டை என்பது வேம்ப் வடிவத்தில் செய்த இரும்புக் கத்தி. மாவில் டம்ளரைக் கவிழ்த்து பூரி வெட்டுவது மாதிரிதான் அந்த வேலை.

"தங்கச்சி, உன் கைல ஒண்ணும் தப்பில்ல" என்றார். "முதுகுல வெக்க வேண்டிய வேம்ப வயித்துல வெச்சி வெட்டிக்கிட்டு இருக்கோம். மூணு வாரமா. தோலு ஜாஸ்தி போவக்கூடாதுன்னு சார் ஆர்டரு."

யாராக இருந்தாலும் தன் வயிற்றைக் கிள்ளிப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். மாட்டுக்கும் அப்படித்தான். முதுகுத் தோல் இறுக்கமாக இருக்கும், வயிற்றுத் தோல் தொளதொளவென்று இருக்கும். வயிற்றில் வெட்டினால் உள்ளே போகிற சின்னப் பாகங்களுக்கு ஆகும். வேம்புக்கு ஆகாது, கட்டையில் இழுத்தால் சுருங்கும். எந்தக் கடவுள் வந்து தைத்தாலும் சுருங்கும்.

"இத மேல சொல்லலாம்ல பாய்?"

"எனக்கெதுக்கு பேஜாரு? இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டணும்."

அவர்மேலும் கோபம் வந்தது. ஆனால் அவர் சொல்லாமலேயே இருந்திருக்கலாம், வந்து சொன்னார். அதனால் அந்தக் கோபத்தையும் எடுத்து மேனேஜர் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டேன். நாலு மணிக்கு நாலு மணி இன்னொருத்தி ஹீரோ ஆகிக்கொண்டிருந்தாள். எல்லாம் அதே வேம்ப். எல்லாருக்கும் கட்டைவிரல் போட்டேன். போடும்போதெல்லாம் அவர் முகத்தை நினைத்துக்கொண்டேன்.

அவருக்கு இன்னொரு பழக்கம் உண்டு. ஆபீஸ்காரர்கள் எல்லாம் கோட்டு போட்ட படத்தோடு உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொள்கிற ஆப் ஒன்று இருக்கிறதே, அதில் வாரத்துக்கு இரண்டு தடவையாவது எழுதுவார். "பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்" என்றுதான் ஆரம்பிப்பார். அதற்குப் பிறகு பணிவு எதுவும் இருக்காது. நானும் அந்த ஆப்பில் இருந்தேன் என்பது அவருக்கு ஞாபகம் இருந்ததா தெரியவில்லை. சாம்பிள் லைனில் சேர்ந்த புதிதில், சென்னையிலிருந்து ஒரு மேடம் வந்து எங்கள் ஆறு பேருக்கும் ட்ரெயினிங் கொடுத்தார். ஷூ வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியின் ஆள் அவர். சரக்கு சரியில்லை என்றால் மொத்தமாக நிறுத்துகிற அதிகாரம் அவர் கையில் இருந்தது. சர்டிஃபிகேட் கொடுத்துவிட்டு, "இத ஆப்ல போட்டு வைங்க, உங்க வேலை நாலு பேருக்குத் தெரியட்டும்" என்று அவரே கணக்கு ஆரம்பித்துக் கொடுத்தார். அதில் என்னோடு சேர்ந்திருந்தவர்கள் மொத்தம் இருபத்தெட்டு பேர். அவர்களில் மேனேஜர் ஒருவர், அந்த மேடம் ஒருவர்.

நேராக மேடத்துக்கு எழுதியிருக்கலாமே என்று அக்கா பிறகு கேட்டாள். எழுதியிருக்கலாம். "நாற்காலி போன கோபத்துல பேசறா" என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பார்கள். என் வாயால் சொன்னால் அது புகார். அவர் வாயாலேயே அது வர வேண்டும் என்று காத்திருந்தேன். தினமும் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் அவர் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். சாமி கும்பிடுகிற ஒழுங்கோடு பார்த்தேன்.

நூல் மேசைக்கு வந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். ஒரு மதியம், தயிர்சாதம் கையில் இருக்கும்போது அந்தப் பதிவு வந்தது.

படத்தில் அவர் கட்டிங் மேசை மேல் குனிந்து நிற்கிறார். முழுத் தோல் ஒன்று விரித்திருக்கிறது. அதன்மேல் டைகளை வரிசையாக வைத்திருக்கிறது. தரத்தை விட்டுக்கொடுக்காமல் தோலை மிச்சப்படுத்துவது எப்படி என்று கீழே பெரிய கட்டுரை. நான் படத்தை விரலால் பெரிதாக்கினேன். ஐந்து வேம்ப் டை. ஐந்தும் வயிற்றுப் பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. டையின் விளிம்பில் வெள்ளைப் பெயின்டில் எழுதிய மாடல் நம்பர், என் கையில் கொடுத்து போட்டோ எடுத்த அதே மாடல் நம்பர், பளிச்சென்று தெரிந்தது. தோல் தெரிந்த ஒருவரும் இப்படி ஒரு படத்தை வெளியே விட மாட்டார். சோப்புக்காரருக்கு அது அழகான படம், அவ்வளவுதான்.

படத்தின் ஓரத்தில் பாயின் கை மட்டும் தெரிந்தது. சாயங்காலம் கேட்டேன். "போட்டோவுக்கு அழகா வெக்கச் சொன்னாரு. தினமும் வெக்கற மாதிரியே வெச்சேன். நம்பரு மட்டும் தெரியற மாதிரி திருப்பி வெச்சேன்" என்றார் பாய். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

ஆனால் அது சாயங்காலம். மதியம் எனக்கு மிச்சம் இருந்தது இருபது நிமிடம். சாதத்தை மூடி வைத்துவிட்டு, தெரிந்த ஆங்கிலத்தில் ஒரு பாராட்டு எழுதினேன். நாலு தடவை அழித்து எழுதினேன். முதலில் எழுதியவற்றில் கோபம் தெரிந்தது. கடைசியில் வந்தது இதுதான்: வாழ்த்துகள் சார், முதுகுப் பகுதியைத் தொடாமல் வேம்ப் ஐந்தையும் வயிற்றுப் பகுதியிலேயே வெட்டுகிற உங்கள் முறையை இந்த மாடலில் நாங்கள் எல்லாரும் கற்றுக்கொண்டோம், படம் மிகத் தெளிவாக இருக்கிறது, நன்றி. லைக்கும் போட்டேன். நான் தொட்டதெல்லாம் எனக்குத் தெரிந்த இருபத்தெட்டு பேர் போனிலும் போய் நிற்கும் என்று ட்ரெயினிங்கில் மேடம்தான் சொல்லியிருந்தார்.

பத்து நிமிடத்தில் மேனேஜரே பதில் போட்டார். இரண்டு கும்பிடு. "நன்றி, இது நம் குழுவின் வெற்றி. தொடர்ந்து செய்வோம்." என் கருத்துக்கு அவர் லைக்கும் போட்டிருந்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டு பாத்ரூமுக்குப் போய்ச் சிரித்தேன். பதினாறு வருஷத்தில் அந்தக் கம்பெனி பாத்ரூமில் நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

மூன்றாம் நாள் மேடம் வந்தார். வருவதாக முன்கூட்டிச் சொல்லவில்லை. ஆபீஸில் ஜூஸ் குடிக்கக்கூட உட்காராமல் நேராகக் கட்டிங் மேசைக்குப் போனார். வெட்டி வைத்த வேம்புகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்துப் பார்த்தார். பிறகு பேக்கிங்கில் கட்டி வைத்த பெட்டிகளைப் பிரிக்கச் சொன்னார். மேனேஜர் பின்னாலேயே ஓடிக்கொண்டு, "தையல்லதான் மேடம் பிரச்னை, தைச்சவங்கள மாத்திட்டோம்" என்றார். "யாரு தைச்சது?" என்று கேட்டார் மேடம். நூல் மேசையிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள்.

மேடம் ஒரு ஜோடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "இந்தத் தையல்ல ஒரு குத்தமும் இல்ல. தோலு தப்பான இடத்துல வெட்டினது. யாரு தைச்சாலும் இப்படித்தான் வரும்" என்றார். லைனில் மெஷின்கள் நின்றுபோயின. அக்கா என்னையே பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். பார்க்காவிட்டால் எல்லார் முன்னாலும் சிரித்திருப்பேன்.

மொத்தச் சரக்கையும் நிறுத்தி வைத்தார்கள். ரிப்போர்ட்டில் சேர்க்கக் கெட்டுப்போன ஜோடிகளைப் படம் எடுக்க வேண்டும். மேடம் ஒரு கையில் ஸ்கேலும் இன்னொரு கையில் நோட்டுமாக இருந்தார். "நீங்க உங்க போன்ல எடுத்து எனக்கு அனுப்புங்க" என்று என்னிடம் சொன்னார். லாக்கரிலிருந்து போனை எடுத்து வந்தேன். "சார், நீங்க புடிங்க" என்று மேடம் ஒரு ஜோடியை மேனேஜர் கையில் கொடுத்தார்.

அவர் இடுப்புக்குக் கீழே பிடித்தார்.

"நெஞ்சுக்கு நேரா புடிங்க சார்" என்றேன். "இன்னும் கொஞ்சம் மேல. முகம் தெரியணும்."

முகம் வேண்டும் என்று மேடம் கேட்கவில்லை. என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு நோட்டில் எழுத ஆரம்பித்தார். மேனேஜர் தூக்கினார். எனக்கு மூடிய மாதிரியே அவருக்கும் ஒரு கண் பாதி மூடிக்கொண்டது. மேடத்துக்கு ஷூ மட்டும் தெரிகிற படத்தை அனுப்பினேன். முழுப் படம் என்னிடம் இருக்கிறது.

மறுநாளே என் குஷனோடு சாம்பிள் லைனுக்குத் திரும்பினேன். ஆனால் சரக்கு முழுவதையும் புதிதாக வெட்டித் தைக்க வேண்டியிருந்தது. ஐந்து ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வந்து தைத்தோம். "உன்னாலதான்டி எங்க லீவெல்லாம் போச்சி" என்று அக்கா அந்த ஐந்து வாரமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் சொன்னதும் நியாயம்தான். இருந்தாலும் இன்னொரு தடவை அப்படி ஒரு படம் வந்தால் அதையேதான் செய்வேன்.

குரூப்பில் ஹீரோ போடுவது நின்றது. மேனேஜரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு ராணிப்பேட்டை பக்கம் வேறு கம்பெனிக்கு வேலை மாறினார். அவருக்கு இங்கே கடைசி நாள் ஒரு சனிக்கிழமை. லைன் முடிகிற நேரத்தில் என் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கையில் டிஃபன் பை.

"அந்த போட்டோவ டெலிட் பண்ணிடும்மா" என்றார் மெதுவாக. "போற எடத்துல யாராவது பாத்தா நல்லா இருக்காது. எங்க வீட்லயும் யாருக்கும் தெரியாது."

நான் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு ஓரத்தை முழுதாகத் தைத்து முடித்து, நூலை வெட்டினேன்.

"திங்கக்கிழமை பாக்கலாம் சார்" என்றேன்.

திங்கட்கிழமை தான் இங்கே இருக்கப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் சொல்கிறேன் என்பதும் அவருக்குப் புரிந்தது. போய்விட்டார்.

"எல்லாத்தையும் பண்ணிட்டு அத மட்டும் ஏன்டி குரூப்ல போடல? பாவம் பாத்துட்டியா?" என்று அக்கா கேட்டாள். அப்போது எங்களுக்குள் பேச்சு திரும்பியிருந்தது. பாவமெல்லாம் பார்க்கவில்லை. போட்டால் இருநூறு கட்டைவிரல் விழும், நாலு நாள் சிரிப்பார்கள், அதோடு முடிந்துவிடும். என் படம் இருநூறு போனில் இருக்கிறது, யார் எப்போது எடுத்துப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர் படம் ஒரே ஒரு போனில் இருக்கிறது, நான் எப்போது எடுத்துப் போடுவேன் என்று அவருக்குத் தெரியாது. அவரும் கொஞ்சம் அந்த மாதிரி இருந்து பார்க்கட்டும்.

கோட்டு போட்டவர்கள் ஆப்பில் இப்போதும் எழுதுகிறார். என்னை அவர் பிளாக் பண்ணவில்லை. பண்ணினால் நான் என்ன செய்வேனோ என்று பயமாக இருக்கலாம். அவர் என்ன எழுதினாலும் நான் லைக் போடுகிறேன். புதுக் கம்பெனியில் சேர்ந்ததற்கு, குடியரசு தினத்துக்கு, யாரோ சொன்ன தன்னம்பிக்கை வாசகத்துக்கு, ஒன்று விடாமல் போடுகிறேன். கருத்து எதுவும் எழுதுவதில்லை. முடிந்த மட்டும் முதல் ஆளாக அது என்னுடைய லைக்காக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன்.

போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு படம் போட்டிருந்தார். புதுக் கம்பெனியில் ஏதோ பாராட்டு விழா, கையில் கேடயம். நெஞ்சுக்கு நேராகத்தான் பிடித்திருந்தார். நான் லைக் போட்டேன். சாதத்தைப் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் பார்த்தேன். அதற்குள் அந்தப் பதிவை அவரே டெலிட் பண்ணிவிட்டிருந்தார்.